சேற்றுச் சிறையில் ஜே-மின் அப்பா

தெச்சோன் கடற்கரை,
ஜூலை, ஞாயிறு காலை

அன்பு மகள் ஹே-வோனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் இடது காதுக்குள் மட்டும் கொஞ்சம் சேறு தங்கிவிட்டது, அது எப்படி உள்ளே போனது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீயும் ஜே-மினும் கப்பலை விட்டு நல்லபடியாக இறங்கியிருப்பீர்கள், துறைமுக அலுவலகத்தில் இந்தப் பார்சலை வாங்கிக்கொண்டு அறைக்குப் போய் அடுப்பைப் போட்டுவிட்டுத்தான் பிரிப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே மழை விட்டு வெயில் கொளுத்துகிறது, அங்கே சிலியில் ஜூலையில் பனி கொட்டும் என்பதை இத்தனை வருஷம் ஆகியும் என் மனது ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது. காலுறையை நனைய விடாதே. நனைந்தால் உடனே மாற்று.

கப்பல் ஏறும் முன் நீ போனில் அழுதாய். கடலில் இருக்கும் வரை எந்தச் செய்தியும் எட்டாது, ஜே-மின் அப்பா நம் வீட்டாரைப் பார்க்க வரும் நாளில் நீங்கள் இருவருமே நடுக்கடலில் இருப்பீர்கள், திரும்பி வந்ததும் கையில் கிடைக்கிற மாதிரி எழுதி அனுப்பு, நல்லதோ கெட்டதோ பூசி மெழுகாமல் எழுது என்று சொன்னாய். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, வேறு எதுவும் வேண்டாம், அவர் அப்பாவை என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று மட்டும் எழுதம்மா, மற்றது எனக்குப் புரிந்துவிடும் என்றாய். சம்பந்தி என்று கூப்பிட்டாரா, ஹே-வோன் அப்பா என்று கூப்பிட்டாரா என்பதுதான் உன் கேள்வி. பதிலை முதல் வரியிலேயே போட்டிருக்கலாம். ஆனால் இதை நடந்த வரிசையில் படித்தால்தான் உனக்கு நம்பிக்கை வரும். கொஞ்சம் பொறு.

ஜே-மின் அப்பா போன வசந்தத்தில் அவனிடம் சொன்னது உனக்கும் எனக்கும் மனப்பாடம். க்வோன் குடும்பத்தில் மூத்த வீட்டு ஒரே பையன், முன்னோர் படையல் அவன் கையில்தான் வரவேண்டும், ஊர் திரும்பி அதை ஏற்றுக்கொள்வதாக இருந்தால் கல்யாணப் பேச்சு, இல்லையென்றால் பேச்சே இல்லை. அதற்குப் பிறகு அவர் இறங்கி வரவும் இல்லை, மறுக்கவும் இல்லை. முறைப்படி பெற்றோர்கள் நேரில் சந்தித்துச் சாப்பிடலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார், அந்தச் சாப்பாட்டோடு எல்லாம் முடிந்துவிடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. உன்னிடம் காட்டவில்லை, அவ்வளவுதான்.

தேதி குறித்த கதையிலிருந்து தொடங்குகிறேன். அவர் தன் ஊர் ஆந்தோங்கிலிருந்து போன் செய்து, பஞ்சாங்கம் பார்த்துவிட்டேன், தீட்டில்லாத நாள் இந்தச் சனிக்கிழமைதான், நாங்களே அங்கே வருகிறோம் என்றார். சேற்றுத் திருவிழாவின் முதல் சனிக்கிழமை! அன்றைக்கு நம் ஊரில் நாய்க்குக்கூட நடக்க இடம் இருக்காது. நான் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று கையை ஆட்டுகிறேன், அவர் தலையாட்டிவிட்டு வழக்கமான அந்த இழுவையில், "அன்னைக்குங்களா... அன்னைக்குக் கடற்கரைப் பக்கம் கொஞ்சம் ஜனம் இருக்கும்னு தோணுது... உங்களுக்குத் தோதுன்னா நாங்க என்ன சொல்லப் போறோம்" என்றார். நம் ஊர்க்காரர் யாராக இருந்தாலும் அந்த நொடியே தேதியை மாற்றியிருப்பார்கள். இன்ச்சோனிலிருந்து வாக்கப்பட்டு வந்த எனக்கே இந்தப் பேச்சு புரிய ஐந்தாறு வருஷம் ஆனது, ஆந்தோங்காரருக்கு எப்படிப் புரியும்? சரி, சனிக்கிழமை என்று வைத்துவிட்டார். நான் சண்டை போட்டு மறுபடி போன் செய்ய வைத்தேன். இந்தத் தடவை உன் அப்பா ரொம்பத் துணிந்து, "வெயில் வேற அதிகமா இருக்கும் பாருங்க" என்றார். அதற்கு அவர், "வெயில் எங்க ஊர்லயும் இருக்கு" என்று வைத்துவிட்டார். போனைக் கையில் வைத்துக்கொண்டே உன் அப்பா என்னிடம், "இதுக்கு மேல எப்படிடி வெளிப்படையா சொல்றது?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார்.

சனிக்கிழமை காலை கடற்கரைச் சாலையை அடைத்துவிட்டார்கள். பச்சை மீன் சாப்பாட்டுக் கடையில் மாடித் தனியறையைச் சொல்லி வைத்திருந்தோம், ஆனால் காரை ஊருக்கு வெளியே விட்டுவிட்டுத் திருவிழாத் திடல் முழுவதும் நடந்துதான் அங்கே வரவேண்டும். நானும் அப்பாவும் எதிர்கொண்டு போய் நின்றோம். காரிலிருந்து ஜே-மின் அப்பா இறங்கினார். கையால் நெய்த நார்த்துணி மேலங்கி, கஞ்சி போட்டு, உடைத்தால் உடையும் போல அவ்வளவு வெள்ளை. ஜே-மின் அம்மா வெளிர்நீல உடையில், கையில் துணி மூட்டையோடு அவருக்கு ஓரடி பின்னால் நின்றார். மூட்டையில் என்ன என்கிறாய், ஆந்தோங் உப்புக் கானாங்கெளுத்தி! மலையூரிலிருந்து கடற்கரைக்கு மீன் கொண்டுவந்திருக்கிறார்கள். அப்பா வாயைத் திறக்கப் போனார், நான் காலை மிதித்தேன். ஜே-மின் அப்பா குனிந்து வணங்கி, "ஹே-வோன் அப்பா, வழியில கூட்டம் ஜாஸ்தியா இருந்துச்சு. ஊர்ல ஏதாவது கலவரமா?" என்று கேட்டார். கேட்டாயா, ஹே-வோன் அப்பா. நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

திடலுக்குள் நுழைந்ததும் உன் அப்பா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கோழி குஞ்சுகளைக் கூட்டிப்போவது போல முன்னால் நடந்தார். எங்கே பார்த்தாலும் சாம்பல் நிற மனிதர்கள். வழுக்கு மேடையிலிருந்து கத்திக்கொண்டே விழுகிறார்கள், குழாயில் பீய்ச்சிக்கொள்கிறார்கள், ஒரு கல்யாண ஜோடி நல்ல உடுப்போடு சேற்றுத் தொட்டியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கை நிறையச் சேற்றோடு எங்களை நோக்கி ஓடிவந்தார்கள், நான் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், ஜே-மின் அப்பாவின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அத்தனை பேரும் நின்று, சேறு சொட்டச் சொட்ட இடுப்பை வளைத்து வணங்கி, வழிவிட்டு ஒதுங்கிவிட்டார்கள். அவரும் ஒவ்வொருவருக்கும் முறையாகப் பதில் வணக்கம் சொன்னார். அதனால் இன்னும் நேரமாகியது.

அப்படியே பிழைத்துக் கடை வாசலுக்குப் போயிருப்போம், நடுவில் சேற்றுச் சிறை இருந்தது. இந்த வருஷம் அதை நடத்துவது அப்பாவின் பள்ளித் தோழர் சங்கம், சாவிக்கொத்தோடு நின்றது உன் தாக் மாமா. மரக்கம்பிக் கூண்டு, உள்ளே முழங்கால் வரை சேறு, மாட்டிக்கொண்டவர்களை வெளியில் நிற்பவர்கள் வாளி வாளியாக அடிக்கலாம். தாக் மாமா தூரத்திலேயே உன் அப்பாவைப் பார்த்து, "டேய் மேங், கல்யாண மாப்பிள்ளை கணக்கா எங்கடா கிளம்பிட்ட?" என்று கத்தினார். பக்கத்தில் வந்தபின்தான் விருந்தாளியின் மேலங்கியைப் பார்த்துக் குரலை இறக்கி, மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னார்: "ஐயா ரொம்பத் தூரத்துல இருந்து வந்திருக்கீங்க. ஒரு எட்டு உள்ள வந்துட்டுப் போகலாமே."

நம் ஊரில் இதற்கு யாரும் உள்ளே போக மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் போகிறவரைப் பார்த்து, வாங்க ஒரு வாய் சாப்பிடலாம் என்று சொல்வதில்லையா, அந்த மாதிரிதான். இருக்கட்டும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு நடக்க வேண்டியது. ஜே-மின் அப்பா நின்றுவிட்டார். "நம்மளைக் கூப்பிடுறாங்களா?" என்று அப்பாவைக் கேட்டார். உன் அப்பா, "கூப்பிடத்தான் கூப்பிடுறான்... அவன் எப்பவும் கூப்பிடுவான்..." என்று இழுத்தார். இதைவிடத் தெளிவாக வேண்டாம் என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. ஜே-மின் அப்பா கொஞ்ச நேரம் கூண்டைப் பார்த்தார். "ஊர்க்காரங்க வாய் திறந்து கூப்பிட்டு விருந்தாளி போகலைன்னா அது மரியாதை இல்லை" என்றார். மேலங்கியைக் கழற்றி நாலாக மடித்து மனைவியிடம் கொடுத்தார். செருப்பைக் கழற்றி, நுனி வெளிப்பக்கம் பார்க்கும்படி ஜோடியாக வைத்தார். கூண்டு வாசலில் ஒருமுறை தலை வணங்கினார். உள்ளே போய்ச் சேற்றில் கால் வைத்து, நடுவில் போய், நேராக நின்றுகொண்டார்.

தாக் மாமாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சாவிக்கொத்து கையிலிருந்து விழுந்துவிட்டது. உள்ளே இருந்த பையன்கள் மூலைக்கு ஒதுங்கிக்கொண்டார்கள், வெளியில் வாளி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கீழே வைத்தார்கள். ஆந்தோங் ஆப்பிள் தோட்டக்காரர், க்வோன் மூத்த வீட்டுத் தலைவர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சேற்றில் நிற்கிறார். உன் கல்யாணம் இதோடு முடிந்தது என்று நான் முடிவே செய்துவிட்டேன். இந்த மனிதருக்கு அவமானம் என்று தோன்றிவிட்டால் அவ்வளவுதான், அவர் மன்னித்தாலும் அவர் வீட்டுச் சுவரில் தொங்கும் தாத்தாக்கள் மன்னிக்க மாட்டார்கள்.

அப்போது ஜே-மின் அம்மா மேலங்கியையும் மீன் மூட்டையையும் என் கையில் திணித்துவிட்டு, தாக் மாமாவிடம் போய், மெல்லிய குரலில், "அந்த வாளியைக் கொஞ்சம் தர்றீங்களா?" என்று கேட்டார். அதுவரை அவர் எங்களிடம் பேசியது வணக்கம் ஒன்றுதான். வாளியைத் தூக்கிப் பார்த்தார், கனம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது போல. பிறகு காலை ஊன்றி நின்று ஒரே வீச்சு. நெற்றியிலிருந்து இடுப்பு வரை ஒரு இடம் பாக்கியில்லை. "இது உங்க பூட்டனார் படையலுக்கு!" என்றார். தாக் மாமா தன்னை அறியாமல் அடுத்த வாளியை நீட்டினார். "இது பூட்டியாருக்கு! தை மாசக் குளிர்ல விடிய விடிய அடை சுட்டேனே, அதுக்கு!" மூன்றாவது வாளி. "இது சின்னத் தாத்தாவுக்கு! அவருக்கு வேர்க்கிழங்கு நறுக்கினது சரியில்லைன்னு உங்க அத்தை சொன்னாங்களே, அதுக்கு!" கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ, "இன்னும் எத்தனை தாத்தாம்மா இருக்காங்க?" என்று கத்தினார்கள், அவர் திரும்பிப் பார்க்காமலே, "மூத்த வீடுப்பா, பஞ்சமே இல்லை!" என்றார். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர், எல்லோரும் கைதட்ட, ஜே-மின் அப்பா கண்ணிமையை மட்டும் விரலால் துடைத்துக்கொண்டு அசையாமல் நின்று, "தோள்ல இன்னும் படலை" என்றார். ஹே-வோன், அவர் வேடிக்கையாகச் சொன்னாரா, உள்ளபடி சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அடுத்த வாளி தோளிலும் பட்டது.

கடைசி வாளியைத் தூக்கியவர் அப்படியே நின்றார். சிரிப்பு நின்றுவிட்டது. "இது நம்ம வீட்டுக்கு வரப்போற பொண்ணுக்கு" என்றார். "நான் பட்டதை அவளும் படணும்னு எனக்கு ஆசை இல்லைங்க." அந்த வாளியை அவர் வீசவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, ஒரு சொட்டு சிந்தாமல், தன் காலடியில் கீழே வைத்தார். ஜே-மின் அப்பா மனைவியைப் பார்த்துக்கொண்டே நின்றார். சேற்றுக்குள் அவர் முகத்தில் என்ன இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லப் போவதில்லை. தாக் மாமாதான் பொறுக்க முடியாமல், "அண்ணி, அதை வேணா நான் ஊத்தட்டுமா?" என்றார், கூட்டம் மறுபடி வெடித்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, விருந்தாளி சேற்றில் நிற்கிறார், வீட்டுக்காரர் காய்ந்த சட்டையோடு வெளியில் நிற்கிறார். உன் அப்பாவின் முதுகில் கை வைத்துத் தள்ளியது நான்தான். அவரிடம் கேட்டால் வழுக்கி விழுந்தேன் என்பார், நம்பாதே. தலைகுப்புற விழுந்தார், காதில் சேறு போனது அப்போதுதான். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை, மறுபடி உட்கார்ந்துவிட்டார். ஜே-மின் அப்பா கை கொடுக்கப் போய் அவரும் வழுக்கிப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் தொட்டிக் குளியலில் இருப்பது போல மார்பளவு சேற்றில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் மரக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இனி வருவது நான் காதால் கேட்டது, ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஜே-மின் அப்பாதான் முதலில், "ஹே-வோன் அப்பா, பிள்ளைங்க இருக்கிற அந்த ஊர்ல ஆப்பிள் விளையுமா?" என்று கேட்டார். அப்பா, "விளையுமாம். கப்பல் கப்பலா வெளிநாட்டுக்கு அனுப்புறாங்களாம்" என்றார். "பேரிக்கா?" "அதுவும்தான்." "மீன் கேட்கவே வேண்டாம்." "அவ வேலையே மீன் எண்ணுறதுதானே." ஒரு பையன் அவர் தலையில் ஒரு கை சேற்றை வைத்துவிட்டு ஓடினான், அவர் கவனிக்கவில்லை. "அங்க சூரியன் வடக்குப் பக்கமா போகும்னு சொல்றாங்க. அப்போ படையல் மேசையில முன்னோரை எந்தப் பக்கம் உட்கார வைக்கிறது? சிவப்புப் பழம் கிழக்கே, வெள்ளைப் பழம் மேற்கேங்கிற முறை மாறாதே." அப்பா நிஜமாகவே யோசித்தார். பிறகு, "அவ்வளவு தூரம் கிளம்பி வர்றவங்க, எந்தப் பக்கம் இடம் போட்டாலும் உட்காருவாங்க" என்றார். ஜே-மின் அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். "வழியில குளிரும்" என்றார்.

வெயில் எங்கள் ஊரிலும் இருக்கிறது என்று போனை வைத்த மனிதர், சரி என்ற ஒரு சொல் சொல்லாமல், ஆப்பிளையும் சூரியனையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். நம் ஊர்க்காரர் மாதிரியே பேசுகிறார்! உன் அப்பாவுக்கு அது புரியாமல் இருக்குமா? ஆனால் இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத ஒன்றை அவர் செய்தார். இழுக்கவில்லை, சுற்றவில்லை. "எங்க பொண்ணை உங்க வீட்டுக்குக் குடுக்குறோம். அவங்க அங்கேயே இருந்து அங்கேயே படையல் போடட்டும். நீங்க சம்மதம் சொல்லுங்க" என்றார்.

ஜே-மின் அப்பா திரும்பி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சுண்டுவிரலை நீட்டி, "சம்பந்தி, உங்க காதுல சேறு போயிருக்கு" என்றார்.

இதுதான் நடந்தது. நான் கம்பிக்கு இந்தப் பக்கம், கையில் நார்த்துணி மேலங்கியையும் கானாங்கெளுத்தியையும் வைத்துக்கொண்டு அழுதேன், சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேலங்கியில கண்ணீர் படாம பார்த்துக்குங்க, கஞ்சி போயிடும்" என்றார். அந்தக் கீழே வைத்த வாளியை அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தூக்கி அவர்கள் மேல் ஊற்றினோம், அதையும் எழுதிவிடுகிறேன்.

குழாயடியில் நின்று கழுவினார்கள், சம்பந்திக்கு மாற்றுக் கால்சட்டை இல்லை. தாக் மாமா மனைவி சந்தையில் விற்கும் பூப்போட்ட நாடாக் கால்சட்டை ஒன்று கொண்டுவந்தார், செம்பருத்தி மாதிரிப் பெரிய பூ. சம்பந்தி அதைக் கட்டிக்கொண்டு, மேலே கஞ்சி கலையாத வெள்ளை மேலங்கியைப் போட்டு, மாடித் தனியறையில் தலைமை இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார், அரசவைக்கு வந்தவர் போல. கடைக்கார அக்கா மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "கடலுக்கே மீனா?" என்று சிரித்துக்கொண்டே எங்களுக்கே சுட்டுக் கொடுத்தார், உப்பு சரியாக இருந்தது, அப்பா இரண்டு துண்டு அதிகம் சாப்பிட்டார். சாப்பாட்டில் சம்பந்தி சொன்னது இது: வருஷப் பிறப்புக்கும் அறுவடைத் திருநாளுக்கும் மட்டும் நீங்கள் அங்கே மேசை போட்டால் போதும், கிடைப்பதை வைத்து. மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். "அடையும் நானே சுட்டுக்கிறேன்" என்றார். சம்பந்தியம்மா, "அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு முதல்ல தெரியுமா?" என்று கேட்டார். அவர் பூப்போட்ட முழங்காலைத் தடவிக்கொண்டார்.

கல்யாணத் தேதி இன்னும் வைக்கவில்லை. இந்தத் தடவை பஞ்சாங்கத்தோடு ஊர்த் திருவிழா நாட்களையும் சேர்த்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார், நீங்கள் லீவு கிடைக்கும் மாதத்தை எழுதுங்கள். ஜே-மின் உடனே அவன் அம்மாவுக்குப் போன் செய்ய வேண்டும், அப்பாவுக்கு இல்லை, அம்மாவுக்கு முதலில், இதை நீ பக்கத்தில் நின்று செய்ய வை. பார்சலில் கடற்பாசித் தாளும் காய்ந்த நெத்திலியும் இருக்கிறது, நெத்திலியை ஜன்னலுக்கு வெளியே வைக்காதே, போன தடவை பறவை கொண்டுபோனதை மறக்கவில்லை. சம்பந்தி தோட்டத்து ஆப்பிளை அனுப்பலாமா என்று கேட்டார், அங்கே எல்லையில் தடுத்துவிடுவார்கள் என்றேன். அப்படியானால் அந்த ஊர் ஆப்பிளில் நல்ல சிவப்பாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள், காம்பு உடையாமல், என்றார். எழுதிவிட்டேன்.

அப்பா இப்போதும் தலையைச் சாய்த்துக் காதைத் தட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். காது டாக்டரிடம் போகலாமா என்று காலையிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டேன். "அப்படியொண்ணும் பெருசா தொந்தரவு இல்லையே... இருந்துட்டுப் போகட்டும்னு தோணுது" என்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும், நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப்போகிறேன்.

இரண்டு பேரும் ஒருவர் தட்டில் ஒருவர் பார்த்துப் பரிமாறிக்கொண்டு, குளிரிலும் கடலிலும் ஒரு குறையும் இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும்.

சிவப்பு கிழக்கே, வெள்ளை மேற்கே, மறந்துவிடாதே.

உன் அம்மா,
ஓக் ஜோங்-நிம்